வானம் மட்டுமே காணப்படுகிறது

செப்டம்பர் 9, செவ்வாய்

நீர்நிலைப் புகார்ப் பிரிவிலிருந்து இன்று பதில் மெயில் வந்தது. வார்த்தை மாறாமல் எழுதி வைக்கிறேன்: "தாங்கள் அனுப்பிய புகைப்படங்கள் பரிசீலிக்கப்பட்டன. அவற்றில் வானம் மட்டுமே காணப்படுகிறது. எனவே தங்கள் புகார் முடித்து வைக்கப்படுகிறது."

வானமாம்.

எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் சாலிக்குடிக் கண்மாயில் விடியற்காலையில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறார்கள். போன மழைக்கே மூன்றாவது தெருவில் முழங்கால் தண்ணீர். இந்த வருடம் கண்மாய் பாதி தூர்ந்துவிட்டது. மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும்? சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் புகார் எழுதினேன். நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு மனு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி, சர்வே எண், லாரி வந்த வழி எல்லாம் போட்டு, படங்களை இணைத்து அனுப்பினேன். லாரி இருக்கிறது, கொட்டுகிற கல் இருக்கிறது, பின்னால் பறந்து போகிற நாரைகள்கூட இருக்கின்றன. அவர்களுக்கு வானம் தெரிகிறதாம்.

நான் என்ன வானத்தின் மேலா புகார் கொடுத்தேன்?

இவரிடம் படித்துக் காட்டினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நான்தான் அப்பவே சொன்னேன்ல தவம், இதெல்லாம் நடக்குற காரியமா? விட்டுரு" என்றார். அரசாங்கப் பொறியாளராகக் கண்மாய்க் கரைகளிலேயே காலத்தைக் கழித்தவர் சொல்கிற சொல்லா இது? எனக்கு வந்த கோபத்தில் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

மாடி வீட்டுப் பல் டாக்டர் பிலோமினாவிடம் பதிலைக் காட்டினேன். படமெடுத்தது அவர்தான். பறவைகளைப் பிடிக்க வாங்கிய காமிரா. கை நீளத்துக்கு லென்ஸ். காலையில் மொட்டை மாடியில் நாரைக்காகக் காத்திருக்கும்போதுதான் லாரி வருவதை முதலில் பார்த்தார்.

பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"படம் ரொம்பப் பெரிசு மேடம். அவிங்க கம்ப்யூட்டர்ல முழுசாத் தெரிஞ்சிருக்காது. இடது பக்கம் மேல் மூலை மட்டும் தெரிஞ்சிருக்கும். அது வானம்தான்."

"மிச்சத்தைத் தள்ளிப் பாக்கத் தெரியாதா?"

"தெரியணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"பாத்தேன், பாத்தேன். அதான் அனுப்புனேன்" என்றேன். என் மடிக்கணினியில் படம் திறந்தவுடன் முழுதாகத் தெரிகிறது. லாரி தீப்பெட்டி அளவுக்கு இருக்கிறது, பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஆட்கள் இருக்கிறார்கள். இதற்குமேல் பெரிதாக்கிப் பார்க்க என்ன இருக்கிறது? படித்தவர்கள் எல்லோருக்கும் அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிற வியாதி இருக்கிறது.

சாயங்காலம் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நேற்று விட்டுவிடு என்றவர் இன்று அக்கறையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெரிசா இருந்தா யாரும் திறக்க மாட்டாய்ங்க. எங்கிட்டக் குடு, நான் சின்னதாக்கித் தாரேன்" என்றார். கம்ப்யூட்டர் பக்கமே வராத மனுஷன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகச் சின்னதாக்கிக் கொடுத்தார். கோபமாக இருந்தாலும் மனசு கொஞ்சம் இளகியது.

செப்டம்பர் 13, சனி

சின்னப் படங்களை அனுப்பியாயிற்று. சலவை மெஷின் மறுபடியும் தண்ணீர் ஒழுகுகிறது. இவர் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வரும்போதே டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார், நான் போட்டு வைத்தது ஆறிப்போகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

பதில் வந்தது. "தாங்கள் மறுமுறை அனுப்பிய புகைப்படங்கள் தெளிவாக இல்லை. வாகன எண்ணோ நபர்களோ அடையாளம் காணும்படி இல்லை. புகார் முடித்து வைக்கப்படுகிறது."

பெரிதாக அனுப்பினால் வானம் தெரிகிறது. சின்னதாக அனுப்பினால் ஒன்றும் தெரியவில்லை. இவர்களுக்கு எந்த அளவில் அநியாயம் நடந்தால் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் நன்றாக இருக்கும். அந்த அளவிலேயே கொட்டச் சொல்லிவிடலாம்.

இவர் சின்னதாக்கிய படத்தை நானும் திறந்து பார்த்தேன். உண்மைதான், தபால்தலை மாதிரி இருக்கிறது. "இவ்வளவு சின்னதாவா பண்ணுவீங்க?" என்றேன். "எனக்கு என்னம்மா தெரியும், நீதான கேட்ட" என்றார். நான் கேட்டேனா?

மத்தியானம் மூன்றாவது தெரு மும்தாஜ் வந்தாள். வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறாள். போன மழையில் இரண்டு மெஷினின் மோட்டாரும் தண்ணீரில் போனது. இந்த முறை மெஷினைத் தூக்கி வைக்கக் கடப்பைக் கல்லில் மேடை கட்டிக்கொண்டிருக்கிறாளாம். "மெஷினைத் தூக்கி வச்சிருவேன்க்கா. மாமியாரை எங்க தூக்கி வைக்க?" என்றாள். அவள் மாமியார் படுத்த படுக்கை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றும் லாரி வந்திருக்கிறது. டாக்டர் புதிதாக நாலு படம் அனுப்பினார். அப்படியே, குறைக்காமல், ஒரு மெயிலுக்கு ஒரு படம் என்று அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "படம் திறந்ததும் தெரிவது அதன் மேல் மூலை மட்டுமே. திரையின் வலப்புறமும் கீழ்ப்புறமும் உள்ள பட்டையை நகர்த்தினால் மீதிப் படம் தெரியும். தயவுசெய்து கீழே வரை நகர்த்திப் பார்க்கவும்." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதினேன். அவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து சங்கக் கூட்டத்தில் ஃப்ளெக்ஸாகக் கட்டலாம் என்று நினைக்கிறேன். இவரிடம் சொன்னதும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஃப்ளெக்ஸா? எதுக்கு? ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தவா?"

"கொட்டுறவன் அசிங்கப்பட்டா நமக்கென்ன?" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் யாருக்கோ போன் பேசினார். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடமாக லுங்கியும் சாய்வு நாற்காலியுமாகக் கிடந்த மனுஷனுக்கு இப்போதுதான் நாலு பேர் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நடக்கப் போவதற்கே இஸ்திரி போட்ட சட்டை கேட்கிறார், மீசையைக் கத்தரித்துக்கொள்கிறார். அதைக் கெடுப்பானேன் என்று நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

"ஏற்கெனவே முடிக்கப்பட்ட புகார். மீண்டும் பரிசீலிக்க இயலாது."

கையெழுத்துக்கூட இல்லை. கம்ப்யூட்டரே அனுப்புகிறது போலிருக்கிறது. பூஜை விடுமுறை முடியட்டும், நேரில் போகிறேன். என் கண் முன்னால் அந்தப் படத்தைத் திறக்காமல் அங்கிருந்து நகர மாட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

போனேன்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதினால்தான் என்னால் எழுத முடியும்.

காலையில் கிளம்பும்போது இவர், "வெயில்ல எதுக்கு அலையுற, நான் ஒருநாள் போயி விசாரிக்கிறேன்" என்றார். கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனேன். அந்தப் பிரிவில் ஒரே ஒரு அம்மாள் இருந்தாள், ஜெயசுதா என்று மேஜைமேல் பெயர்ப்பலகை. கழுத்தில் வலிக்குப் பட்டை போட்டிருந்தாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனங்களை எல்லாம் நின்றபடியே சொன்னேன். வானத்தைப் பற்றியும் சொன்னேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. "உக்காருங்க மேடம். நீங்களே பாருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். பழைய பெட்டி. மெயிலைத் திறந்து படத்தைத் தட்டினாள். வெகுநேரம் சுற்றிவிட்டுத் திரை முழுக்க வெளிறிய நீலம். ஓரத்தில் ஒரு நாரையின் சிறகு நுனி.

"இதான் எனக்குத் தெரியுது. நான் பொய்யா எழுதுனேன்?"

"கீழ நகத்துங்கம்மா."

"மவுஸ் சக்கரம் வேலை செய்யல. ஓரத்துல இருக்குற பட்டையைப் பிடிச்சா எங்கிட்டாவது ஓடிருது. ஒரு நாளைக்கு எத்தன மெயில் வருதுன்னு தெரியுமா மேடம் உங்களுக்கு?"

"தள்ளுங்க" என்று நான் மவுஸை வாங்கிக்கொண்டேன்.

அந்தத் திரையில் படம் சுருங்கவில்லை. டாக்டரின் காமிரா பார்த்த அளவிலேயே இருந்தது. ஜன்னல் வழியாக ஒரு பெரிய சுவரைப் பார்ப்பது மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு துண்டு. மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினேன்: நாரைகள். கீழே: பனைமரத்தின் தலை. இன்னும் கீழே: லாரியின் தகரம், அதில் எழுதியிருந்த பெயர், நம்பர். வீட்டில் தீப்பெட்டியாகப் பார்த்த லாரியின் நம்பர் இங்கே என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. "எழுதிக்கங்க, எழுதிக்கங்க" என்றேன். ஜெயசுதா எழுதிக்கொண்டாள்.

"இன்னும் கீழ போங்க மேடம், ஆளுக தெரியிறாங்களா பாப்போம்" என்றாள். அவளுக்கும் இப்போது ஆர்வம் வந்துவிட்டது.

நகர்த்தினேன். ஒரு ஆளின் கால், கொட்டிக் கிடக்கும் செங்கல். பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் மஞ்சள் ஹெல்மெட் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையை நீட்டி லாரிக்காரனுக்கு எங்கே கொட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். வெளிர்நீலக் கட்டம் போட்ட சட்டை.

அந்தச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கியது நான்.

முகம் நன்றாகத் தெரிந்தது. கத்தரித்த மீசைகூடத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது.

"சூப்பர்வைசர் போல இருக்கு. யாருன்னு தெரியுமா மேடம் உங்களுக்கு?" என்று ஜெயசுதா கேட்டாள்.

நீதிமன்றத்தில் எத்தனை சாட்சிகள் இந்த இடத்தில் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 'சாட்சி மௌனம்' என்று தட்டச்சு செய்திருக்கிறேன். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். புகாரை மறுபடி திறந்து ரசீது எண் கொடுத்தாள். "ஆள் அடையாளம்" என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றேன்.

அக்டோபர் 4, சனி

சாம்பாரில் உப்புப் போடவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் இவர் செருப்பை மாட்டும்போது கேட்டேன்.

"எங்க போறீங்க?"

"நடக்க."

"ஹெல்மெட் போட்டுக்கிட்டா?"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சத்தம் போடவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்குமே என்று அல்ல, சத்தம் வரவில்லை.

தன் வேலைக்காலத்தில் பழக்கமான கான்ட்ராக்டர் வில்வநாதன் கூப்பிட்டானாம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் வீட்டுமனை போடுகிறான், அதற்கு ரோடு. அனுமதி எல்லாம் வாங்கியாச்சு, நீங்க சும்மா வந்து நின்னு பாத்துச் சொன்னாப் போதும் சார் என்றானாம்.

"அனுமதிக் காகிதத்தைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

"சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு வண்டி மண்ணு எடுக்குறதுக்கு ஒம்போது காகிதம் கேப்பீங்க. ஏங்க கேக்கல?"

செருப்பு வாரை இழுத்து இழுத்து மாட்டினார். "கேட்டா, வர வேணாம்னு சொல்லிருவாய்ங்கள்ல" என்றார். "அங்க போனா நாற்காலி போடுறாய்ங்க தவம். சார், இது சரியா, அது சரியான்னு கேக்குறாய்ங்க. இங்க என்னைய யாரு எதைக் கேக்குறா? பால் வாங்கிட்டு வரவான்னு நானாத்தான் கேக்கணும்."

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேலேயே கோபம் வந்தது. ஒரு நாற்காலிக்காகவா? மும்தாஜின் மாமியார் படுத்திருக்கிற கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று அந்த ஏரியாவிலேயே கணக்குப் போடத் தெரிந்த ஒரே மனுஷன் இவர்தான். அப்போதுதான் கேட்டேன், "கலுங்கு எங்க இருக்கு?" கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழி அது. இவர் வேலையில் இருந்தபோது இவரே செப்பனிட்டது.

மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்தார்.

"அது மேலயும் கொட்டியாச்சா?"

"அங்கிட்டுத்தான் ரோடு வருது" என்றார் தரையைப் பார்த்து. "மழைக்குள்ள பக்கத்துல வேற வழி விட்டுருவேன்னு சொல்லியிருக்கான்."

என் பெயரை எழுதாதே என்றும் கேட்டார். நேராகக் கேட்கவில்லை. "ஆள் யாருன்னு தெரியலைன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. லாரி நம்பர் போதும்ல?" என்றார். இதற்காகத்தான் படத்தைத் தபால்தலை ஆக்கினாரா என்று கேட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, என் கண் முன்னாலேயே. நான் காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

டாக்டர் கிளினிக்குக்குக் கிளம்பும் முன் பிடித்தேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

"முதல் படத்துலயே தெரியும் மேடம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்களும் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். பாத்தீங்களான்னு கேட்டேன், பாத்தேன்னு சொன்னீங்க. பாத்துட்டும் திரும்பத் திரும்ப அனுப்புறாங்களேன்னு உங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை வந்துச்சு."

படியில் இறங்கி வந்தேன். யார் யாரையெல்லாமோ பார்க்கத் தெரியவில்லை என்று ஏசியிருக்கிறேன்.

ஜெயசுதாவுக்கு மெயில் அனுப்பினேன். "படத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர் சௌந்தரபாண்டியன். அவர் என் கணவர்." அனுப்பிவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சங்கக் கூட்டம். ஃப்ளெக்ஸ் கட்டவில்லை. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினோம். லாரி, நம்பர், நாற்காலி எல்லாம். கூட்டம் இவரை அடையாளம் கண்டுகொள்ளும் முன்னால் நானே எழுந்து சொன்னேன். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்றுதான் சொன்னேன், வந்தார்.

முதல் தெரு ஆடிட்டர், "குடும்ப விஷயத்தை இங்க எதுக்கும்மா" என்றார்.

"தண்ணி உங்க குடும்பத்துக்குள்ள வராதுல்ல சார், நீங்க மாடியில இருக்கீங்க" என்றாள் மும்தாஜ். அவள் என்னைப் பார்க்கவில்லை. இவரையும் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். நான் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று இரண்டு பேர்தான் சொன்னார்கள். அதில் ஒருவர் டாக்டர்.

அக்டோபர் 14, செவ்வாய்

இவர் விருதுநகரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பிரஷர் மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூரியரில் அனுப்பினேன். உள்ளே ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. குளித்தேன். அதிரசம் செய்யவில்லை. சாயங்காலம் மழை பிடித்தது.

அக்டோபர் 23, வியாழன்

மழை விடவில்லை. கண்மாயில் தண்ணீர் ஏறி மூன்றாவது தெரு சாக்கடை எதிர்த்து வரத் தொடங்கிவிட்டது. நம்ப முடியவில்லை, புகார்ப் பிரிவிலிருந்து இன்று ஆய்வுக்கு வந்தார்கள். ஒரு இளம் பொறியாளர், இரண்டு மண் அள்ளும் இயந்திரம். வில்வநாதன் ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. போனை எடுக்கவில்லையாம். வேற வழி விடுவதாகச் சொன்னானே, அதுவும் இல்லை.

கலுங்கைத் திறக்க வேண்டும். கலுங்கு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, நிலத்தில் எங்கு பார்த்தாலும் செங்கல் மேடு. இரண்டு இடத்தில் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. மும்தாஜ் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் போய்த் தூக்கினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

இவருக்கு நான் போன் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று இருந்தேன். டாக்டர் செய்திருக்கிறார்.

மத்தியானம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மேட்டில் ஏறினார். பனைமரத்தைப் பார்த்தார், எதிர்க்கரையில் இருந்த கல்தூணைப் பார்த்தார், கொஞ்ச தூரம் நடந்து நின்றார். "இங்க" என்றார்.

இளம் பொறியாளர் தயங்கினார். "நிச்சயமாத் தெரியுமா சார்?"

"நான்தான் தம்பி மூடச் சொன்னேன்" என்றார் இவர். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

தோண்டினார்கள். இருட்டுவதற்குள் கருங்கல் தெரிந்தது. கடைசி மண்ணை இயந்திரம் வாரியதும் தண்ணீர் செங்கல்லையும் சிமென்ட் சாக்கையும் இழுத்துக்கொண்டு ஓடை பக்கம் பாய்ந்தது. மும்தாஜ் வீட்டு வாசல் மூட்டைக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை.

இவருடைய உள்ளங்கால் கண்ணாடிச் சில்லில் கிழிந்திருந்தது. டாக்டர்தான் கட்டுப் போட்டார். நான் தூரத்தில் நின்றேன். சாப்பாடு போட்டேன். பேசவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

புகார்ப் பிரிவு அலுவலகத்தில் இன்று விசாரணை. மனுதாரர் நான். எதிர்தரப்பில் வில்வநாதன், லாரி உரிமையாளர், மூன்றாவது பெயர் இவர். வில்வநாதன் வரவில்லை, அவனுடைய வக்கீல்தான் வந்திருந்தார். நான் ஒரு காலத்தில் அந்த வக்கீலுக்கு வாதுரை தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். வணக்கம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கலுங்கைக் காட்டிக்கொடுத்து ஒத்துழைத்ததால், மனுதாரருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் மூன்றாவது பெயரை நீக்கலாம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"ஆட்சேபம் இருக்கு" என்றேன்.

அதிகாரி இவரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்க சொல்றது சரிதான். இருக்கட்டும் சார்" என்றார் இவர். பிறகு வாக்குமூலம் கொடுத்தார். எந்தத் தேதியிலிருந்து போனார், எங்கே கொட்டச் சொன்னார், கலுங்கு இருப்பது தெரிந்தே சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தெரிந்தே என்றார். காகிதம் பார்க்கவில்லை என்றார். புகார் கொடுப்பது என் மனைவி என்று தெரிந்தும் படத்தைச் சிறிதாக்கி மறைக்கப் பார்த்தேன் என்பதையும், யாரும் கேட்காமலேயே சொன்னார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் ஒரு கணம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அடி, அடி, நிறுத்தாதே என்று மனசுக்குள் சொன்னேன்.

கொட்டியதை எல்லாம் அள்ள உத்தரவு. வில்வநாதன் மேல்முறையீடு போவான், போகட்டும். இவருக்கு என்ன தண்டனை என்று பிறகு சொல்வார்களாம். ஓய்வூதியத்தில் கை வைத்தாலும் வைப்பார்கள். வைத்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பெயரை எடுக்கச் சொல்லியிருக்கலாமோ என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத மாட்டேன்.

வெளியே வரும்போது விசாரணை அதிகாரியும் கூடவே இறங்கி வந்தார். இவர் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார், காலில் கட்டோடு. நான் பக்கத்தில் கைப்பையோடு நின்றேன். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமா சார்" என்றேன். "எங்க ஏரியாவுக்கு ரெண்டு பஸ் மாறணும்."

அவர் தன் காரைப் பார்த்து நடந்தார்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் பள்ளம் வந்தது. அப்புறம் தோளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சிக்னலில் நிற்கும்போது திரும்பாமலேயே, "எம்மேல கோவம் போகலையா இன்னும்?" என்று கேட்டார்.

"போகல."

"போகுமா?"

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.